சிறார்க்கு வயிற்றுப் பாடம்

(இளம் அறிவியல் விலங்கியல், மூன்றாம் ஆண்டு மாணவி)

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தைப் புரட்டி அங்கே மூலிகைகளின் பெயர்களைத் தேடுவோர் ஏமாந்தே போவர். அப்பத்துக் குறட்பாக்களில் பெரும்பாலானவை உண்ணும் அளவைப் பற்றியும், முன் உண்டது செரித்ததா என அறிவதைப் பற்றியுமே பேசுகின்றன. உடல் நலத்தின் பெரும்பகுதி வயிற்றைப் பொறுத்தது என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். ஆனால் அந்த வயிற்றைப் பற்றி நம் குழந்தைகளுக்கு நாம் என்ன சொல்லிக் கொடுக்கிறோம்? நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு சிறுமி கேட்ட கேள்விக்குப் பிறகே நான் இதைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினேன். அந்தச் சிந்தனையின் பயனே இக்கட்டுரை.

ஒரு சிறுமியின் கேள்வி

ஏழு நாள் சிறப்பு முகாமில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நலவாழ்வுப் பாடம் நடத்தும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. முதல் நாள் வண்ணச் சுண்ணக்கட்டிகளைக் கொண்டு கரும்பலகை நிறைய உணவுப் பாதையை வரைந்தேன். இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், கல்லீரல், கணையம் என ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினேன். பிள்ளைகளும் உரத்த குரலில் திருப்பிச் சொன்னார்கள். பாடம் சிறப்பாக அமைந்துவிட்டது என்ற பெருமிதத்துடன், "யாருக்காவது சந்தேகம் உண்டா?" என்று கேட்டேன்.

கடைசி வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். தாய் களையெடுக்கப் போய்விடுவதால் ஒன்றரை வயதுத் தம்பியையும் இடுப்பில் சுமந்துகொண்டு பள்ளிக்கு வருபவள் அவள்.

"அக்கா, தம்பிக்குப் பேதியானா தண்ணி குடுக்கலாமா? அப்பத்தா குடுக்கக் கூடாதுங்குது."

குடலுறிஞ்சிகளின் அமைப்பைப் படத்துடன் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதத் தெரிந்த எனக்கு இந்தக் கேள்விக்குத் தெளிவாக விடை சொல்லத் தெரியவில்லை. கொடுக்கலாம் என்று தோன்றியது. எவ்வளவு கொடுப்பது, ஏன் கொடுப்பது, எப்போது மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்பவை தெரியவில்லை. "டாக்டரிடம் கேட்டுக்கொள் அம்மா" என்று சொல்லி நழுவினேன். சிறுமி உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு அவள் கரும்பலகையை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

உறுப்புகளின் பெயர்களைச் சொல்லித் தருவது பாடமாகாது, வீட்டில் ஒருவருக்கு வயிறு கெட்டால் அந்தக் குழந்தை என்ன செய்யலாம் என்பதைச் சொல்லித் தருவதே பாடம் என்பதை அன்று உணர்ந்தேன்.

தண்ணீர்க் கணக்கு

அன்று மாலை எங்கள் திட்ட அலுவலரான பேராசிரியரையும் கிராம சுகாதாரச் செவிலியரையும் அணுகி ஐயம் தெளிந்தேன். அவர்கள் விளக்கியதையும், பின்னர் நான் படித்தறிந்ததையும் சுருக்கித் தருகிறேன்.

வளர்ந்த ஒருவர் உண்பதிலும் குடிப்பதிலுமாக ஒரு நாளில் சுமார் 2 லிட்டர் நீர் குடலுக்குள் செல்கிறது. உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர் ஆகியவற்றின் வழியாக உடலே சுமார் 7 லிட்டர் நீரைக் குடலுக்குள் விடுகிறது. ஆக 9 லிட்டர்! இதில் மலத்துடன் வெளியேறுவது 100 முதல் 200 மில்லி லிட்டர்தான். எஞ்சிய அனைத்தையும் சிறுகுடலும் பெருங்குடலும் உறிஞ்சி மீண்டும் இரத்தத்தில் சேர்க்கின்றன. கிருமிகளின் தாக்குதலால் இந்த வரவு செலவு குலைந்து போவதே வயிற்றுப்போக்கு. அப்போது வெளியேறுவது தின்ற சோறு மட்டுமன்று, உடலின் நீரும் உப்புமே வெளியேறுகின்றன.

8 கிலோ எடையுள்ள குழந்தை தன் எடையில் பத்தில் ஒரு பங்கு நீரை, அதாவது 800 மில்லி லிட்டரை இழந்தாலே உயிருக்கு ஆபத்து நேரும். அது ஒரு சிறிய சொம்புத் தண்ணீர்தான். பேதியில் குழந்தையின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இந்த நீர் வறட்சியே ஆகும்.

அப்படியானால் வெறும் தண்ணீர் போதாதா? குடலின் சுவரில் உப்பும் சர்க்கரையும் இணைந்தே உள்ளே செல்லும் வாயில்கள் உள்ளன. 1960இல் ராபர்ட் கிரேன் என்னும் அறிவியலறிஞர் இக்கருத்தை எடுத்துரைத்தார். ஒன்று மற்றொன்றைக் கைபிடித்து அழைத்துச் செல்ல, நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. கடும் பேதியின்போதும் இந்த வாயில்கள் பெரும்பாலும் அடைபடுவதில்லை. ஆகவேதான் உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த நீர் உயிர் காக்கிறது.

இதற்கு வரலாறு தந்த சான்று 1971ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வங்கதேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்குள் வந்தனர். எல்லையோர ஊரான பன்காவ் நகரின் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோயிற்று. அங்கே பணியாற்றிய டாக்டர் திலீப் மகலனாபிஸ், உப்பும் குளுக்கோசும் சமையல் சோடாவும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி வைக்கச் செய்தார். நோயாளிகளின் உறவினர்களே அதைக் குவளைகளில் மொண்டு புகட்டினர். நூற்றுக்கு முப்பது என்ற அளவில் இருந்த சாவு, நான்குக்கும் கீழே இறங்கியது. 2022இல் மறைந்த அப்பெருமகனாருக்கு 2023இல் பத்மவிபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் நாம் கருத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அந்த நீரைப் புகட்டியவர்கள் தாயும் தமக்கையும் போன்ற எளிய மக்களே. குவளை பிடிக்கத் தெரிந்த எவரும் இதைச் செய்யலாம். அப்படியாயின் தம்பியைச் சுமந்து வரும் பத்து வயதுச் சிறுமியும் செய்யலாம் அன்றோ?

சுரைக்குடுக்கைப் பாப்பா

இவ்வாறு சிந்தித்தவர்கள் நமக்கு முன்னரே இருந்திருக்கின்றனர். 1979ஆம் ஆண்டு அனைத்துலகக் குழந்தைகள் ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அதனையொட்டி லண்டனில் டேவிட் மார்லி முதலான மருத்துவர்களும் ஆசிரியர்களும் 'குழந்தையிடமிருந்து குழந்தைக்கு' என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். ஏழை நாடுகளில் சின்னஞ்சிறு குழந்தைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்வோர் அவர்களின் அக்காள் அண்ணன்மாரே. ஆகவே நலவாழ்வுப் பாடத்தை அவர்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் கொள்கை. டேவிட் வெர்னர், பில் பவர் ஆகிய இருவரும் 1982இல் வெளியிட்ட நூலில் அவ்வியக்கத்தின் அரியதொரு பாடக் கருவி விளக்கப்பட்டுள்ளது. அதுதான் சுரைக்குடுக்கைப் பாப்பா. நம் ஊர்களில் சுரைக்குடுக்கைக்குப் பஞ்சமில்லையே!

மூன்றாம் நாள் ஒரு காய்ந்த குடுக்கையைத் தேடிப் பிடித்தோம். மேற்புறத்தை வட்டமாக வெட்டித் திறந்தோம். முகம் வரைந்து, கண்கள் இருக்கும் இடத்தில் ஊசியால் நுண்ணிய துளைகள் இட்டோம். கீழே முன்புறம் ஒரு சிறு துளையும், பின்புறம் சற்றுப் பெரிய துளையும் இட்டு மரக்குச்சியால் அடைத்தோம். விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, மேல்வாயை நனைந்த மெல்லிய துணியால் மூடினோம். பாப்பா தயார்.

நான் விளக்கம் எதுவும் கூறவில்லை. "பாப்பாவுக்குப் பேதியாகிறது, பாருங்கள்" என்று மட்டும் சொல்லிப் பின்புறக் குச்சியை எடுத்தேன். முதலில் மேலே இருந்த துணி குழிந்தது. "உச்சி குழிஞ்சிருச்சு!" என்றான் ஒருவன். பிறகு கண்ணிலிருந்து கசிந்துகொண்டிருந்த நீர் நின்றது. "அழுதாலும் கண்ணீர் வரலை" என்றாள் ஒருத்தி. முன்புறத் துளையைத் திறந்து பார்த்தபோது சிறிது நேரத்தில் அதிலும் சொட்டு இல்லை. "ஒண்ணுக்கும் போகலை அக்கா!" நீர் வறட்சியின் அறிகுறிகளுள் மூன்றைப் பிள்ளைகள் தாமே கண்டுபிடித்துவிட்டார்கள். குழி விழுந்த கண், உலர்ந்த நாக்கு, கிள்ளிவிட்ட தோல் மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்புதல் ஆகிய மற்றவற்றை நான் சேர்த்துச் சொன்னேன்.

"பாப்பாவைக் காப்பாற்ற என்ன செய்யலாம்?" என்றேன். "ஓட்டையை அடைச்சிரலாம்" என்றான் ஒரு பையன். "உண்மைப் பாப்பாவுக்கு அடைக்க முடியாதே" என்றேன். சிறிது நேரம் அமைதி. கடைசி வரிசைச் சிறுமி எழுந்து வந்து, சொம்பை எடுத்து, மேலே இருந்து ஊற்றத் தொடங்கினாள். கீழே எவ்வளவு போகிறதோ அவ்வளவை மேலே ஊற்றினாள். துணி மீண்டும் மேலெழுந்தது. என் இரண்டு நாள் சொற்பொழிவு செய்யாததை அந்தக் குடுக்கை செய்து முடித்தது.

அளவு அறிதல்

அடுத்த நாள் கரைசல் செய்யும் பயிற்சி. அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமே சிறந்தது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை முழுவதுமாக ஒரு லிட்டர் தூய நீரில் கரைக்க வேண்டும். இன்று பாதி, நாளை பாதி என்று பிரிக்கலாகாது. கரைத்ததை 24 மணி நேரத்திற்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. பொட்டலம் கிடைக்காதபோது, ஒரு லிட்டர் தூய நீரில் தேக்கரண்டியால் தலைதட்டி ஆறு கரண்டிச் சர்க்கரையும், அரைக் கரண்டி உப்பும் கலக்கலாம். உப்பு மிகுந்தால் ஆபத்து. சர்க்கரை மிகுந்தால் பேதி கூடும். எனவே கலந்தபின் சுவைத்துப் பார்க்க வேண்டும், கண்ணீரை விட அதிகமாகக் கரிக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு இந்த அளவுகோல் மிகவும் பிடித்துப் போயிற்று. அழுது பார்த்திராத குழந்தை ஏது?

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 50 முதல் 100 மில்லி லிட்டர், அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி லிட்டர் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. சற்று வளர்ந்த குழந்தைக்கு உப்பிட்ட நொய்க்கஞ்சியும் மோரும் நல்லவை. புட்டியில் விற்கும் குளிர்பானங்கள் கூடாது. பேதியின்போது குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரையும் கொடுக்கப்படுகிறது, அதைச் செவிலியரிடம் கேட்டுப் பெற வேண்டும்.

எது தன் கையில் இல்லை என்பதையும் குழந்தை அறிய வேண்டும். மலத்தில் இரத்தம், குடிக்க முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தியாதல், கடும் காய்ச்சல், அழைத்தாலும் விழிக்காத மயக்கம் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே பெரியவரை அழைக்க வேண்டும், மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இதனைக் கைவிரல் ஐந்திலும் எண்ணிச் சொல்லப் பழக்கினோம்.

மஞ்சள் கையும் தாழ்ப்பாளும்

கிருமி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததைக் குழந்தை எப்படி நம்பும்? ஒரு பையனின் கையில் மஞ்சள்தூளைப் பூசி, எல்லோருடனும் பந்து விளையாடச் சொன்னோம். பத்து நிமிடத்தில் பந்து, பலகை, தண்ணீர்க் குடத்தின் விளிம்பு, அடுத்தவன் கன்னம் என எங்கும் மஞ்சள்! பின் வெறும் நீரிலும் சோப்பிலும் கழுவி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உண்ணுமுன்னும் மலங்கழித்த பின்னும் சோப்பால் கை கழுவ வேண்டும் என்பதை அதற்குமேல் விளக்கத் தேவை இருக்கவில்லை.

குடற்புழுப் பாடமும் இதனோடு இணைந்ததே. பெண் உருண்டைப்புழு ஒன்று ஒரு நாளில் இரண்டு இலட்சம் முட்டை வரை இடக்கூடியது. அவை மண்ணிலிருந்து நகக்கண் வழியாக வாய்க்குப் போகின்றன. கொக்கிப்புழுவின் இளம்புழுவோ வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே புகுந்து, குடலை அடைந்து இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்குகிறது. நகம் வெட்டுவதும் செருப்பு அணிவதும் கழிப்பறையைப் பயன்படுத்துவதுமே காப்பு. 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாள் என்று ஒரு நாள் வைத்து, 1 முதல் 19 வயது வரை உள்ளோர்க்கு அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுவதன் நோக்கத்தையும் விளக்கினோம்.

மலச்சிக்கல் பற்றிப் பேசத் தொடங்கியதும் பிள்ளைகள் சிரித்தார்கள். பெண் குழந்தைகள் தலைகுனிந்தார்கள். அடக்கி வைத்தால் பெருங்குடல் மேலும் மேலும் நீரை உறிஞ்சும், மலம் இறுகும், வெளியேறும்போது வலிக்கும், வலிக்கு அஞ்சி மீண்டும் அடக்குவார்கள். கீரை, பழம், தண்ணீர் என்றெல்லாம் சொல்லி முடித்த பிறகு ஒரு சிறுமி என் காதருகே வந்து, "அக்கா, கக்கூசுல தாப்பா இல்ல" என்றாள். இதற்குக் கீரை என்ன செய்யும்? மறுநாள் எங்கள் மாணவர்கள் தாழ்ப்பாள் பொருத்தி, தொட்டியும் குவளையும் வைத்தனர். அந்த வாரம் நாங்கள் நடத்திய சிறந்த பாடங்களுள் அத்தாழ்ப்பாளும் ஒன்று என்பேன்.

வயிற்றுவலிக்கும் ஒரு பயிற்சி வைத்தோம். "எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து?" என்று கேட்டால் விரல் வைத்துக் காட்டிச் சொல்லப் பழக வேண்டும். தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி, காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்தால் அது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். அப்போது விளக்கெண்ணெய் முதலிய பேதி மருந்துகளைக் கொடுத்துவிடக் கூடாது, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

குழந்தைகளை அச்சுறுத்துவதற்காக உண்மையல்லாததைச் சொல்லலாகாது என்பதும் முக்கியம். "சாப்பிடாவிட்டால் அல்சர் வரும்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இரைப்பைப் புண்ணுக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா என்று காட்டியமைக்காக மார்ஷல், வாரன் ஆகிய இருவரும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். காலை உணவைத் தவிர்க்கக் கூடாது என்பதற்கு, படிப்பில் மனம் நிற்காது என்ற உண்மைக் காரணமே போதுமே!

அப்பத்தா வந்த நாள்

இவற்றையெல்லாம் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லும்போது பெரியவர்களை எதிர்த்துப் பேசுவதாக ஆகிவிடக் கூடாதே என்ற அச்சம் எனக்கு இருந்தது. தண்ணீர் கொடுத்தால் உடனே வெளியே போகிறது, கொடுக்காவிட்டால் குறைகிறது என்பது அவர்கள் கண்ணால் கண்டது. கண்ணேறு கழிப்பதும் தொக்கம் எடுப்பதும் அவர்கள் அன்பின் வழிகள். ஆகவே, "அப்பத்தா சொல்வது தவறு என்று சொல்லாதீர்கள், பள்ளிக்கூடத்தில் ஒரு பாப்பா இருக்கிறது, வந்து பாருங்கள் என்று அழையுங்கள்" என்றேன்.

ஆறாம் நாள் அந்தச் சிறுமியின் அப்பத்தா வந்தார். பேத்தி குச்சியை எடுத்தாள். துணி குழிந்தது. மூதாட்டி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"எனக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சு தாயி. தவழ்ந்துக்கிட்டிருந்துச்சு. ரெண்டு நாளு பேதி. தண்ணி வேணும்னு கேக்கத் தெரியாது, சொம்பப் பாத்தா கைய நீட்டும். நாந்தான் சொம்ப எடுத்து மறைச்சு வச்சேன். உச்சி இப்படித்தான் குழிஞ்சு கெடந்துச்சு."

எனக்குப் பேச நா எழவில்லை. பேராசிரியர்தாம் அருகில் அமர்ந்து சொன்னார்: "உங்க மேல குத்தம் இல்லம்மா. வயித்துக்கு ஓய்வு வேணும், பட்டினி போடுங்கன்னு ஒரு காலத்துல டாக்டருங்களே சொல்லியிருக்காங்க." அது ஆறுதலுக்காகச் சொன்ன பொய்யன்று. 20ஆம் நூற்றாண்டின் பாதிக்குப் பிறகும் மருத்துவர் பலர் அம்முறையையே பின்பற்றினர் என்பது மருத்துவ வரலாறு. மூதாட்டி மறுமொழி கூறவில்லை. சொம்பை வாங்கி, குடுக்கையில் தாமே நீர் ஊற்றினார். துணி மேலெழும் வரை ஊற்றினார்.

நாம் செய்ய வேண்டுவது

அறிவு காலந்தாழ்ந்து வந்தால் அது என்ன விலை கேட்கும் என்பதை அன்று கண்டேன். ரோட்டா வைரசுக்கான தடுப்பு மருந்து 2016 முதல் நம் நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. பொட்டலக் கரைசல் அங்கன்வாடி வரை வந்துவிட்டது. எனினும் பேதி கண்ட குழந்தையின் அருகே முதலில் நிற்பது யார் என்று எண்ணிப் பாருங்கள். பல வீடுகளில் அது ஓர் அக்காள், ஓர் அண்ணன், ஒரு மூதாட்டி. அவர்கள் கைக்கு அந்த அறிவு போய்ச் சேர வேண்டும்.

கல்லூரி மாணவராகிய நம்முள் விலங்கியல் பயில்வோர் மட்டுமல்லாது தமிழும் வரலாறும் பொருளியலும் பயில்வோரும் இப்பாடத்தை நடத்தலாம். ஒரு சுரைக்குடுக்கை, ஒரு சொம்பு, ஒரு தேக்கரண்டி, சிறிது மஞ்சள்தூள் இவை போதும். இனி வரும் ஒவ்வொரு முகாமிலும் ஒரு நாளை இதற்கென ஒதுக்குமாறு பேராசிரியப் பெருமக்களைப் பணிவன்புடன் வேண்டுகிறேன்.

முகாம் முடியும் நாளில் அந்தச் சிறுமியிடம் அவள் கேள்வியையே திருப்பிக் கேட்டேன்: "தம்பிக்குப் பேதியானால் தண்ணீர் கொடுக்கலாமா?"

"குடுக்கலாமா இல்லக்கா, குடுக்கணும். எவ்வளவு போகுதோ அவ்வளவு" என்றாள். சிறிது யோசித்து, "கண்ணீர விடக் கரிக்கக் கூடாது" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

என் கல்லூரி வாழ்வில் நான் கேட்ட விடைகளுள் முழு மதிப்பெண் பெறத்தக்க விடை அது. அதை இன்னும் பல சிறார்கள் சொல்லக் கேட்க, நாம் ஊர்தோறும் செல்வோமாக!